பழைய டூரிங் பைக்கில் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய தண்டர்பேர்டு, கரிஷ்மா, அவெஞ்சர் மாதிரி வண்டிகளை விற்க மனசில்லாமல் வைத்துக்கொண்டு, இன்னமும் அதிலேயே தூரப் பயணம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செல்ஃப் சுற்றவில்லை என்று சொன்ன உடனே ஒர்க்‌ஷாப்பில் வரும் பதில் "பேட்டரி போச்சு அண்ணே, மாத்திரலாம்" என்பதுதான். மாற்றுவோம், கொஞ்ச நாள் நன்றாக ஓடும், புதுப் பேட்டரியும் படுத்துவிடும். முதல் பேட்டரி கெட்டது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது ஏன் கெட்டது என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

நம் குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதல் முக்கியம். முட்டம், குளச்சல், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போனால் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. செம்பு வயருக்கும் பித்தளை டெர்மினலுக்கும் இதைவிடக் கெட்ட இடம் அமையாது. அதனால் சார்ஜிங் கோளாறு என்று ஒரு வண்டி வந்தால் என் சந்தேகம் முதலில் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) மேலும் எர்த் வயர் (பேட்டரி மைனஸை இன்ஜினோடும் சேசிஸோடும் சேர்க்கும் வயர்) மேலும்தான் போகும், பேட்டரி, ஸ்டேட்டர், ரெகுலேட்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அடிப்படை. இன்ஜின் சுற்றும்போது மேக்னட் சுற்றுகிறது, அதற்குள் இருக்கும் ஸ்டேட்டர் காயிலில் ஏசி (திசை மாறி மாறி ஓடும்) மின்சாரம் பிறக்கிறது, அது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையருக்குப் போகிறது. கடையில் இதை ஆர்ஆர் யூனிட் என்று கேட்டால் கிடைக்கும், சிலர் வெறுமனே ரெக்டிஃபையர் என்பார்கள். அது ஏசியை டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஆக்கி, வோல்டேஜ் எல்லை தாண்டாமல் பிடித்துப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் மொத்த அமைப்பும். கோளாறு ஸ்டேட்டர், ஆர்ஆர் யூனிட், பேட்டரி என்ற இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும், அல்லது இவற்றை இணைக்கும் வயரில் இருக்கும்.

தேவையான சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, ஸ்பேனர், ஸ்க்ரூட்ரைவர், உப்புத்தாள், பேட்டரி சார்ஜர் ஒன்று (சொந்தமாக இல்லை என்றால் பேட்டரிக் கடையில் சார்ஜ் போட்டு வாங்கலாம்). தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரும் (ஆசிடின் அடர்த்தியைப் பார்க்கும் கருவி) இருந்தால் நல்லது. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதில் இருக்கும் அளவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கீழே கொடுப்பவை 12 வோல்ட் வண்டிகளுக்குப் பொதுவாகப் பொருந்துபவை.

எதைச் சோதிப்பதற்கு முன்னும் பேட்டரியை முழுசாகச் சார்ஜ் போட வேண்டும். பாதி செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த ரீடிங்கையும் நம்ப முடியாது. சார்ஜ் போடும் கரன்ட் பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். 14 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1.4 ஆம்பியர், ராத்திரி முழுக்க. அவசரத்துக்குக் கார் பேட்டரி சார்ஜரில் மாட்டி ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தகடு சூடாகி வளைந்துவிடும்.

காலையில் செல்ஃப் அடித்தால் டக் டக் என்று மட்டும் சத்தம் வருகிறது

சாவி போடாமல், முந்தின நாள் ஓடிய வண்டியின் பேட்டரியில் வோல்டேஜ் பாருங்கள். ஓட்டி நிறுத்திய உடனே பார்க்கக் கூடாது, சில மணி நேரமாவது கழிய வேண்டும். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0 என்றால் கால். 10.5 பக்கம் நிற்கிறது, சார்ஜ் போட்டாலும் மேலே ஏற மாட்டேன் என்கிறது என்றால் உள்ளே ஒரு செல் செத்துவிட்டது. மொத்தம் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், ஒன்று போனால் மிச்சம் அவ்வளவுதான். அந்தப் பேட்டரியோடு மல்லுக்கட்டாதீர்கள், அதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதான்.

12.6 காட்டுகிறது, ஆனாலும் டக் டக் என்றால்? மீட்டரைப் பேட்டரி டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். வோல்டேஜ் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. விழவே இல்லை, 12லேயே நிற்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். செல்ஃப் ரிலே, மோட்டாருக்குப் போகும் தடி வயர், அதன் கார்பன் பிரஷ், இன்ஜினில் இருந்து வரும் எர்த், இவற்றில் ஒன்று. அது சார்ஜிங் கோளாறே இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு: நல்ல பேட்டரியை மாற்றி, ஸ்டேட்டரையும் கழற்றிப் பார்த்து, கடைசியில் லூசான எர்த் போல்ட்டைக் கண்டுபிடிக்கிற கதை நிறைய நடக்கிறது.

பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், அந்தத் தண்ணீர் செல்லுக்குள் ஒரு துளிகூடப் போகக் கூடாது, மூடியெல்லாம் இறுக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள். காய்ந்த பிறகு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். செல்லுக்குள் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்ஓ தண்ணீர், ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் அதில் இருக்கும் உப்பும் உலோகத் துணுக்கும் தகட்டைத் தின்னும்.

ஓடும்போதே லைட் மங்குகிறது, ஹார்ன் கரகரக்கிறது, கடைசியில் வண்டி நின்றுவிடுகிறது

இதுதான் அசல் சார்ஜிங் கோளாறு, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

நிறைந்த பேட்டரியோடு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் போட்டு, பேட்டரி டெர்மினலில் டிசி வோல்டேஜ் பாருங்கள். ஐடிலில் 12.8, 13 என்று கொஞ்சம் குறைவாக இருப்பது சகஜம். 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றினால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க 12.4, 12.3, 12.2 என்று இறங்குகிறது என்றால் ஒன்றுமே ஏறவில்லை, பேட்டரியைத் தின்றுதான் வண்டி ஓடுகிறது. 13.1, 13.2 என்று நடுவில் தடுமாறினால் பாதி ஏறுகிறது, பெரும்பாலும் ஸ்டேட்டரின் மூன்று ஃபேஸில் (மூன்று காயில் வரிசையில்) ஒன்று போயிருக்கும் அல்லது ஒரு கப்ளர் கருகியிருக்கும்.

பழைய புல்லட்டில் ஹெட்லைட் கேசிங் மேலே ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும், அதை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை பாதி மிச்சம். ஸ்டார்ட் ஆனவுடன் முள் பிளஸ் பக்கம் சாய்ந்து, பேட்டரி நிறைய நிறைய நடுவுக்கு வரும். லைட் போட்டு நல்ல வேகத்தில் போகும்போதும் முள் மைனஸிலேயே கிடந்தால் விஷயம் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, வண்டி ஓடட்டும், பேட்டரி டெர்மினல கழத்திப் பாக்கட்டா? நிக்கலன்னா சார்ஜிங் கொள்ளாம்."

"வேண்டாம் தம்பி, மீட்டர் இருக்குல்லா, அதுல பாப்போம்."

டைனமோ காலத்தில் செய்த சோதனை அது. பேட்டரிதான் வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, ஓடும் வண்டியில் அதைக் கழற்றினால் வோல்டேஜ் சட்டென்று எகிறி ஆர்ஆர் யூனிட், சிடிஐ (ஸ்பார்க் கொடுக்கும் பெட்டி), டிஜிட்டல் மீட்டர், எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டி என்றால் ஈசியூ (அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), எது வேண்டுமானாலும் போகும். யார் சொன்னாலும் இதைச் செய்ய விடாதீர்கள்.

சரி, வோல்டேஜ் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்து மெயின் ஃப்யூஸும் அதன் ஹோல்டரும். ஃப்யூஸ் நன்றாக இருந்தாலும் ஹோல்டரின் கிளிப் உப்பு பிடித்து லூசாகி, சூட்டில் பிளாஸ்டிக் உருகி இருக்கும். அப்புறம் ஸ்டேட்டரில் இருந்து வரும் கப்ளர். பெரும்பாலான வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர், சைடு பேனலுக்கு உள்ளேயோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். அதைப் பிரித்து ஒவ்வொரு பின்னையும் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா, பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா, வயர் பின்னுக்குப் பக்கத்தில் விறைத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். களிம்பு ஏறிய பின்னில் தடை கூடும், தடை கூடினால் சூடாகும், சூடானால் பின் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். ஒரு நாள் அந்த மஞ்சள் வயரில் ஒன்று கப்ளரோடு சேர்ந்து கருகிவிடும். மீன்பிடித் துறைமுகம் பக்கம் தினமும் போய் நிற்கும் வண்டிகளில் இது வருவதற்கு அதிக காலம் ஆகாது.

கருகிய கப்ளரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது தற்காலிகம்தான். கருகிய பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு வரும் வரை வயரை உரித்து, புதுப் பின் போட்டு கிரிம்ப் செய்து புதுக் கப்ளர் மாட்ட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மூன்று வயரையும் நேராகச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடுங்கள். மூன்று மஞ்சள் வயரில் எது எதோடு சேர்ந்தாலும் பாதகம் இல்லை, மூன்றும் ஏசிதான். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம், ஒரு மழைக்காலம் தாங்காது.

கண்ணுக்குக் கப்ளர் நன்றாகத் தெரிகிறது என்றால் வோல்டேஜ் டிராப் பாருங்கள். நம் ஊர் வண்டிக்கு எல்லாவற்றையும்விட உபயோகமான சோதனை இதுதான், அதிகம் பேர் செய்யாததும் இதுதான். வண்டி 3000 ஆர்பிஎம்மில் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஆர்ஆர் யூனிட்டின் பிளஸ் வயர் பின்னில் பின்பக்கமாகச் செருகி, கறுப்பு முனையைப் பேட்டரி பிளஸில் வையுங்கள். இடையில் இருக்கும் வயர், கப்ளர், ஃப்யூஸ் எல்லாவற்றிலும் சேர்த்து எவ்வளவு வோல்டேஜ் தொலைகிறது என்று மீட்டர் காட்டும். 0.2க்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் வழியில் எங்கோ களிம்பு இருக்கிறது, ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு. இதே மாதிரி மைனஸ் பக்கமும்: பேட்டரி மைனஸில் சிவப்பு, ஆர்ஆர் யூனிட்டின் எர்த் வயரில் கறுப்பு. சேசிஸுக்குப் புதுசாகப் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் அடித்து அழகாக்கிய வண்டிகளில் மைனஸ் பக்கம்தான் மாட்டும், எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தைச் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்டேட்டர். ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஆஃபில், மீட்டரை ஓம்ஸில் வைத்து மூன்று மஞ்சள் வயரில் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். பொதுவாக 0.2 முதல் 1 ஓம் வரை வரும், மூன்று ரீடிங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனையையும் தொட வைத்து வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மலிவான மீட்டர் உங்களை ஏமாற்றும். அப்புறம் ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவில் பாருங்கள், அங்கே இணைப்பே இருக்கக் கூடாது. பாடிக்குத் தொடர்பு காட்டினால் காயில் வயரின் மேல்பூச்சான எனாமல் எரிந்து எர்த் ஆகியிருக்கிறது, ஸ்டேட்டர் போச்சு.

ஓம்ஸ் சோதனையில் தேறிய ஸ்டேட்டரும் ஓடும்போது தோற்கலாம், ஆகவே கப்ளர் கழன்றிருக்கும் அதே நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டிரண்டாக மறுபடி பாருங்கள். ஐடிலில் 15, 20 என்று இருக்கும், ஆர்பிஎம் கூடக் கூட ஏறி 5000 பக்கம் 50க்கு மேல், சில வண்டியில் 70கூட வரும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் மூன்று ஜோடியும் சமமாக ஏற வேண்டும் என்பது மாறாது. இரண்டு 55, ஒன்று 30 என்றால் அந்த மூன்றாவதில்தான் கோளாறு. கை வயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வோல்டேஜ் நல்லாவே உதறும்.

ஸ்டேட்டரும் நன்று, வயரும் நன்று, பேட்டரியும் நன்று என்றால் மிச்சம் இருப்பது ஆர்ஆர் யூனிட்தான். அதற்குள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் இருக்கின்றன, மீட்டரை டயோடு டெஸ்டில் வைத்து உறுதி செய்யலாம். சிவப்பு முனை மஞ்சள் வயர் பின்னில், கறுப்பு முனை யூனிட்டின் பிளஸில் வைத்தால் 0.4 முதல் 0.6 வரை, முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டாது. மைனஸ் பக்கம் இதற்குத் தலைகீழ்: சிவப்பு யூனிட்டின் மைனஸில், கறுப்பு மஞ்சளில். எங்காவது இரண்டு திசையிலும் பூஜ்யம் காட்டினால் டயோடு ஷார்ட். ஆனால் டயோடு நன்றாக இருந்து ரெகுலேட்டர் பாகம் மட்டும் கெட்ட யூனிட்டும் உண்டு, அதை இந்தச் சோதனை காட்டாது. அதனால்தான் மற்றதையெல்லாம் முதலில் கழித்துக்கட்டச் சொன்னேன்.

யூனிட் ஷார்ட் ஆகி ஸ்டேட்டர் எரிந்ததா, ஸ்டேட்டர் எரிந்து யூனிட்டைக் கெடுத்ததா என்பது பல நேரம் தெரியாது. ஒன்று மோசமாக எரிந்திருந்தால் மற்றதையும் கண்டிப்பாகச் சோதியுங்கள். ஸ்டேட்டரை மட்டும் மாற்றிவிட்டு ஷார்ட்டான யூனிட்டோடு இணைத்தால் புதுக் காயிலும் எரியும். காயில் கட்டக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய வயரின் கேஜும் (கனமும்) சுற்று எண்ணிக்கையும் அப்படியே இருக்க வேண்டும், எனாமல் 180 டிகிரி தாங்கும் எச் கிளாஸ் வயராக இருக்க வேண்டும். ஃபேனுக்குக் கட்டும் சாதா வயரில் கட்டினால் இன்ஜின் ஆயில் சூட்டில் அது நிற்காது. மேக்னட் கவரைத் திறக்கும்போது ஆயில் வரும், கேஸ்கெட் கிழியும், புதுக் கேஸ்கெட் வாங்கிக்கொண்டு திறங்கள். கவரைத் திறந்தவுடன் கருகிய வாடை அடித்து, காயில் சிலது கறுப்பாகத் தெரிந்தால் மீட்டரே தேவையில்லை.

குளிரில் நன்றாக ஏறுகிறது, ஒரு மணி நேரம் ஓடினால் ஏற மாட்டேன் என்கிறது

ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்த்தால் எல்லா ரீடிங்கும் சரியாக வரும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடி மங்கும். சவம், மனுஷனைப் பைத்தியம் ஆக்குகிற கோளாறு இது. சூட்டில் காயிலின் எனாமல் விரிந்து சுற்றுக்குச் சுற்று ஒட்டுகிறது அல்லது யூனிட்டுக்குள் சால்டர் விட்டுப்போகிறது. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி, இன்ஜின் கொதிக்கும்போதே கப்ளரைக் கழற்றி ஸ்டேட்டர் சோதனையைச் செய்யுங்கள். ஆறவிட்டால் மறைந்துவிடும்.

பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஷன்ட் வகை ரெகுலேட்டர். அது தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தைக் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பி விடுகிறது, ஆகவே லைட் எதுவும் போடாமல் ஓட்டினாலும் ஸ்டேட்டருக்கு ஓய்வு இல்லை. லைட் அணைத்தால் ஸ்டேட்டர் பிழைக்கும் என்று நினைத்துப் பகலில் அணைத்து ஓட்டுகிறவர்கள் அதனால் பேட்டரியைத்தான் காக்கிறார்கள், ஸ்டேட்டரை இல்லை. யூனிட் தொட்டால் சுடும், அது இயல்பு. அதன் துடுப்புகளில் சேறு அப்பிக் கிடக்கக் கூடாது, காற்றுப் படும் இடத்தில் இருக்க வேண்டும். நெடுந்தூரம் ஓட்டி இறங்கிய பிறகும் அது சில்லென்று கிடந்தால் அதற்கு மின்சாரமே வந்து சேரவில்லை என்று சந்தேகப்படலாம்.

மழையில் அல்லது வாட்டர் வாஷ் முடிந்தபின் மட்டும் வருகிறது

கப்ளரில் தண்ணீர். வேறெதையும் தேடாதீர்கள். பிரித்து, காற்றடித்துக் காய வைத்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்பில் தண்ணீர் புகாமல் காக்கும் கிரீஸ்) தடவி மூடுங்கள். இக்னிஷன் ஸ்விட்ச்சுக்குள் தண்ணீர் இறங்குவதும் உண்டு, சாவியை ஆட்டினால் லைட் மினுங்குகிறதா என்று பாருங்கள். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது மினுங்கினால் ஸ்டீயரிங் கழுத்துப் பக்கம் வயரிங் கிட் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. பழைய வண்டியில் அந்த இடம் எப்போதும் பலவீனம்தான்.

பல்ப் அடிக்கடி ஃப்யூஸ் ஆகிறது, பேட்டரி சுடுகிறது, தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது

இது எதிர்ப்பக்கம், சார்ஜ் கூடிப்போய்விட்டது. அழுகிய முட்டை வாடை வந்தாலும் இதுதான். 5000 ஆர்பிஎம்மில் 15 வோல்ட்டைத் தாண்டுகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள். மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியாக இருந்தால் பக்கவாட்டில் வீங்கியிருக்கும்.

யூனிட்டை மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். சில யூனிட்டுகளில் பேட்டரி வோல்டேஜை அறிந்துகொள்ள ஒரு தனி மெல்லிய வயர் உண்டு, சென்ஸ் வயர் என்பார்கள், அது இக்னிஷன் ஸ்விட்ச் வழியாக வரும். அந்த வழியில் களிம்பு இருந்தால் பேட்டரியில் 14 இருக்கும்போது யூனிட்டுக்கு 13 என்றுதான் தெரியும், இன்னும் ஒன்று ஏற்றிவிடும். சாவி போட்டு, சென்ஸ் வயரில் வரும் வோல்டேஜையும் பேட்டரி வோல்டேஜையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யூனிட் நிரபராதி, ஸ்விட்ச்தான் குற்றவாளி.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஹெட்லைட் பிரகாசம், விட்டால் மங்கல், ஆனால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது

பல பழைய வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் இருந்து எரிவதில்லை, நேராக மேக்னட்டில் இருந்து வரும் ஏசியில் எரிகிறது. சாவி போட்டு இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது ஹெட்லைட் எரியவில்லை என்றால் உங்கள் வண்டி அந்த வகை. அதில் இந்த மங்கல் கோளாறே இல்லை, அமைப்பு அப்படி. அந்த மாதிரி வண்டியில் ஹெட்லைட் பல்ப் மட்டும் வேகம் பிடிக்கும்போது வெடித்துக்கொண்டே இருந்தால் யூனிட்டின் எர்த் வயரைப் பாருங்கள். ஸ்டேட்டரில் மூன்று மஞ்சளுக்குப் பதில் ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை என்று இருந்தால் மேலே சொன்ன மூன்று ஜோடிச் சோதனை பொருந்தாது. ஒவ்வொன்றையும் எர்த்துக்கு வைத்துத்தான் அளக்க வேண்டும், அங்கே எர்த்துக்குத் தொடர்பு காட்டுவது இயல்பு.

நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது, ஓட்டினால் நன்றாக ஏறுகிறது

சாவி ஆஃபில் எதுவோ குடிக்கிறது. பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டி, கழற்றிய வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வையுங்கள். அந்த நிலையில் சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். ரீடிங் சின்னதாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். டிஜிட்டல் கடிகாரம் இருந்தால் சில மில்லி ஆம்பியர் இருக்கும், அது பரவாயில்லை. 20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்-அவர் போகிறது, 9 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்பது நாளில் பாதியாகும். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிறவர்கள் வண்டியைப் போர்த்தி வைத்துவிட்டுப் போகும்போது மைனஸ் வயரைக் கழற்றச் சொல்வது இதனால்தான்.

20க்கு மேல் என்றால் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பாருங்கள். பொதுவாக மாட்டுவது பிறகு வைத்த சாமான்கள்தான்: ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், நேராகப் பேட்டரியில் மாட்டிய யுஎஸ்பி சார்ஜர். இவையெல்லாம் இல்லை என்றால் ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உடனே ரீடிங் விழுந்தால் அதன் டயோடு பின்னோக்கி ஒழுகுகிறது.

ஹைவேயில் பிரச்சினை இல்லை, டவுனில் ஓடினால் இறங்குகிறது

களியக்காவிளையில் இருந்து மார்த்தாண்டம், தக்கலை தாண்டி நாகர்கோவில் வரும் ரோட்டில் ஊர்ந்து வந்தால் வண்டி பாதி நேரம் ஐடிலில்தான் இருக்கும். ஐடிலில் ஸ்டேட்டர் கொடுப்பது கொஞ்சம், அதற்குள் ஹெட்லைட், பிரேக் லைட், ஃபேன் இருக்கும் வண்டி என்றால் அதுவும். இதோடு டூரிங் என்று சொல்லி மாட்டிய ஃபாக் லைட் சேர்ந்தால் கணக்கு உதைக்கும். வாட்ஸை 13.5ஆல் வகுத்தால் ஆம்பியர். 55 வாட்ஸ் ஹாலஜன் இரண்டு என்றால் 8 ஆம்பியர், ஹெட்லைட் இன்னொரு 4. பழைய வண்டியின் ஸ்டேட்டர் இதற்குக் கட்டியது இல்லை. எல்இடிக்கு மாறுங்கள், ரிலே போட்டு இழுங்கள், டவுனில் அணையுங்கள். ஸ்டேட்டர் பெரிதாகக் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் யூனிட் அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வழியில் இருட்டில் மாட்டிக்கொண்டால்

ஆரல்வாய்மொழி தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் லைட் மங்கத் தொடங்கினால் வண்டியை அணைக்காதீர்கள், மறுபடி செல்ஃப் சுற்றாது. ஃபாக் லைட், போன் சார்ஜர், ஹார்ன் எல்லாவற்றையும் விடுங்கள். பகல் என்றால் ஹெட்லைட்டை அணையுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் ஹெட்லைட் ஸ்விட்ச் இருக்காது, பகலில் அதன் ஃப்யூஸைப் பிடுங்கி வைக்கலாம். இரவு என்றால் லைட் இல்லாமல் ஓட்ட வேண்டாம், வெளிச்சம் உள்ள கடை, பங்க் எதுவோ அதுவரை போய் நிறுத்துங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு ஸ்பார்க் மட்டும் போதும், பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் ஆச்சரியமான தூரம் வரும். எஃப்ஐ வண்டியில் ஃபியூவல் பம்புக்கும் கரன்ட் வேண்டும், அதற்கு அவ்வளவு தயவு கிடையாது.

கிக்கர் இருந்தால் கிக்கர், இல்லாவிட்டால் இரண்டாம் கியரில் தள்ளிப் பாருங்கள். காரில் இருந்து ஜம்ப் கேபிள் போடுகிறீர்கள் என்றால் கார் இன்ஜின் ஆஃபிலேயே இருக்கட்டும். முதலில் பிளஸுக்குப் பிளஸ், அப்புறம் கார் பேட்டரியின் மைனஸ், கடைசி முனையை உங்கள் பைக்கின் இன்ஜின் பாடியில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்டுங்கள், பேட்டரி மைனஸில் வேண்டாம், அங்கே பொறி பறந்தால் பேட்டரியில் இருந்து வரும் வாயு பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆனதும் கடைசியாக மாட்டியதை முதலில் கழற்றுங்கள்.